கனடா அம்மாவுக்கு

ஸ்காபரோ
18.09.1994

அன்புள்ள அக்காவுக்கு,

மாதாவின் காவலில் நீங்களும் எங்கள் ஐயாவும் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எங்களுக்குச் சுகத்தில் குறையில்லை. அவருக்கு மட்டும் தொழிற்சாலைத் தூசியால் இடைக்கிடை இருமல்.

அக்கா, கடைசியில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் தபால் பெட்டியைத் திறந்தால் குடிவரவுக் கந்தோரின் கடிதம். எங்கள் இரண்டு பேருக்கும் லாண்டட், நிரந்தரமாக இருக்கும் உரிமை, கிடைத்துவிட்டது. இனி றெஜினாவைக் கூப்பிடலாம். அவர் ஒஷாவாவில் வேலை முடிந்து வந்ததும் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்று மூன்று தரம் வாசித்தார்.

நான் வெளிக்கிட்ட நாளை நினைத்துப் பார்க்கிறேன். ஏஜென்சிக்காரன் ஒருவருக்கு மேல் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டான். "எட்டு மாசத்திலை கூப்பிட்டிடுவன் அக்கா, அதுவரைக்கும் வைச்சிருங்கோ" என்று சொல்லி மூன்று வயதுப் பிள்ளையை உங்களிடம் விட்டேன். அவள் நித்திரையாக இருந்தாள். எழுப்பவேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த எட்டு மாதம் நாலு வருஷமாகிவிட்டது.

பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், நாலு படங்கள். இவை கைக்கு வந்தால் அலுவல் ஓடும். வருஷம் முடிய முதல் அனுப்பப் பாருங்கள். ஐயாவுக்கு என் அன்பு. பிள்ளைக்கு ஆயிரம் முத்தம்.

உங்கள் தங்கை
வேரோனிக்கா


குருநகர், யாழ்ப்பாணம்
02.11.1994

அன்பின் தங்கச்சி வேரோனிக்கா, யேசுரட்ணம் இருவருக்கும்,

உன் கடிதம் மூன்று கிழமை ஊர் சுற்றிப் போன மாதம் வந்து சேர்ந்தது. ஆண்டவருக்குத் தோத்திரம். உங்கள் அலைச்சலுக்கு ஒரு முடிவு வந்ததில் ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கிணற்றடியில் விழுந்த பிறகு எழும்பி நடக்கவில்லை. இடுப்பு எலும்பு என்கிறார்கள். படம் எடுக்க இங்கே மெசின் வேலை செய்யவில்லை. சாப்பாடு இறங்குகிறது, கதையும் குறையவில்லை. அதனால் நீ பயப்படாதே.

றெஜினா நல்ல உயரம். முன்பல் இரண்டும் விழுந்து ஒன்று முளைத்துவிட்டது. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு; ஆனாலும் வகுப்பில் இரண்டாம் பிள்ளை. எனக்கு இப்போது கிட்டப்பார்வை சரியில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற தையல் வேலைகளுக்கு வீட்டில் ஊசி கோர்த்துத் தருவது அவள்தான். காலையில் பத்து ஊசி கோர்த்து என் சட்டைக் கையில் வரிசையாகக் குத்திவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள்.

பிறப்புப் பத்திரம் எடுக்கிறது லேசில்லை. கந்தோர் இரண்டு தரம் இடம் மாறிவிட்டது, பதிவுப் புத்தகங்கள் எது எங்கே என்று தெரியாமல் கிடக்கின்றன. அலைந்துகொண்டிருக்கிறேன். மழையும் தொடங்கிவிட்டது.

குளிருக்கு நெஞ்சை மூடிக்கொள்ளுங்கள்.

அன்புடன்
அக்கா அன்ரனெற்


ஸ்காபரோ
04.12.1994

அன்புள்ள அக்காவுக்கு,

ஐயாவின் இடுப்பு நோ எப்படி? நீங்கள் கண்ணாடி போட்டீர்களா? நாங்கள் இருக்கிறோம்.

பத்திரம் என்னவாயிற்று? கோபிக்காதீர்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் இது ஒன்றுதான் தலைக்குள் ஓடுகிறது. கந்தோரில் இல்லையென்றால் கோயிலில் சுவாமியிடம் ஞானஸ்நானப் பத்திரமாவது எடுத்து அனுப்பலாமே. அதற்கு ஒரு மணித்தியாலம் போதும்.

நான் வேலை செய்யும் வீட்டைப் பற்றி எழுதினேனா தெரியாது. றிச்மண்ட் ஹில்லில் ஒரு ஜேர்மன் குடும்பம். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். வேர்னர் என்பவர் தச்சு வேலை செய்தவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அதோடு முப்பது வருஷமாகப் பேசிய ஆங்கிலம் முழுக்க மறந்துபோய் ஜேர்மன் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, நடக்கப் பழக்குவது என் வேலை. எனக்கும் ஆங்கிலம் மட்டுமட்டுத்தானே, ஆகவே நான் தமிழிலேயே கதைப்பேன். "காலைத் தூக்குங்கோ ஐயா" என்றால் தூக்குகிறார்.

அவர் மனைவி ஹன்னலோருக்கு ஐம்பத்துநாலு வயது. அதிகம் பேசாத மனுசி. நேற்று என்னைக் கூப்பிட்டு, பாலன் பிறந்த நத்தார்த் திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் நீயும் கணவரும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும், வேலைக்கல்ல, விருந்தாளியாக, என்றார். இந்த நாட்டில் ஒருவர் வீட்டு நத்தாருக்கு எங்களைக் கூப்பிடுவது இதுதான் முதல் தரம். வேதக்காரர்தானா நாங்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஏழு வயதில் ஒரு மகள், அடுத்த நத்தாருக்கு இங்கே இருப்பாள் என்றேன்.

பத்திரத்தை அனுப்புங்கள் அக்கா.

தங்கை
வேரோனிக்கா


ஸ்காபரோ
27.12.1994

அன்புள்ள அக்காவுக்கு,

பாலன் பிறந்த நாள் உங்களுக்கும் ஐயாவுக்கும் றெஜினாவுக்கும் சமாதானமாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். பூசைக்குப் போக முடிந்ததா? ஷெல் அடி இருந்ததா?

நாங்கள் சொன்னபடி ஜேர்மன்காரர் வீட்டுக்குப் போனோம். பின்னேரம் நாலு மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. இவர் கல்யாணக் கோட்டுப் போட்டுக்கொண்டார். கையில் அது கட்டையாகிவிட்டது. நான் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு போனேன்.

அவர்களுக்கு இருபத்துநாலாம் திகதி பின்னேரம்தான் பெருநாள். மரம் நிற்கும் அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் வெளியே கதவைப் பார்த்தபடி நிற்கவேண்டும். உள்ளே ஹன்னலோர் ஒரு சின்ன மணியை ஆட்டினார், கதவு திறந்தது. மரம் முழுக்க உண்மையான மெழுகுதிரிகள் எரிந்தன. பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீர். வேர்னர் சக்கர நாற்காலியில் இருந்து பாடினார். கதைக்க நாக்குத் தடுமாறும் மனுசன் பாட்டு முழுவதையும் பிசகாமல் பாடினார். எங்களையும் பாடச் சொன்னார்கள். இவர் "சின்னஞ்சிறு பாலனே" என்று தொடங்கிப் பாதியில் மறந்துவிட்டார். நான் முடித்துவைத்தேன்.

பெரிய விருந்தாக இருக்கும் என்று நினைத்தோம். அன்றைக்கு உருளைக்கிழங்குச் சலாட்டும் இறைச்சிக் குழலும்தான். வாத்து மற்ற நாளுக்காம். ஆளுக்கொரு கடதாசித் தட்டில் கொட்டைகள், தோடம்பழம், பாதாம்பருப்பில் செய்த இனிப்பு. ஒரு தட்டு மிச்சமாக இருந்தது. அதில் றெஜினா என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவான நீலக் குளிர்ச் சட்டை. சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு நான் கோப்பை கழுவ உதவிக்குப் போனேன். குசினியில் ஹன்னலோர் தன் சின்ன வயதுச் சங்கதி ஒன்று சொன்னார்.

அதைப் பிறகு எழுதுகிறேன். கை உளைகிறது.

வேரோனிக்கா


குருநகர்
22.01.1995

அன்பின் தங்கச்சிக்கு,

உன் நத்தார்க் கடிதம் இந்த முறை கெதியாக வந்துவிட்டது. சண்டை நிறுத்தம் என்று சொல்லிப் பதினாலு நாளாகச் சத்தமில்லை. காதுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஐயா விழித்திருந்து கேட்கிறார், "ஏன் பிள்ளை இண்டைக்கு ஒண்டையும் காணேல்லை?" என்று.

நத்தார்ப் பூசை காலை ஆறு மணிக்குச் சுருக்கமாக நடந்தது. நற்கருணை வரிசையில் நின்று றெஜினா முதல் நன்மை எடுத்தாள். என் பழைய வெள்ளைச் சேலையில் சட்டை தைத்தேன். படம் எடுக்க றோல் இல்லை.

ஜேர்மன் வீட்டுக் கதையை வாசித்துக் காட்டினேன். ஐயா அந்த வாளித் தண்ணீர்ப் பகுதியை இரண்டு தரம் கேட்டுச் சிரித்தார். உன் கடிதம் நடுவழியில் நின்றுவிட்டது போல எனக்குப் பட்டது. குசினியில் அந்த மனுசி என்ன சொன்னார்? உன் எழுத்தும் கடைசி வரிகளில் வேறு ஆளின் எழுத்துப் போல் இருக்கிறது. உடம்புக்கு ஏதும் செய்கிறதா?

பத்திரம் இன்னும் சரிவரவில்லை.

பிள்ளை எழுதியதை இதற்குள் வைக்கிறேன். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அக்கா

*கனடா அம்மாவுக்கு, நான் சுகம். நீங்கள் சுகமா. எனக்கு முதல் நன்மை குடுத்தது. அம்மா சட்டை தைச்சவ. தாத்தாவுக்கு நான்தான் தண்ணி குடுக்கிறது. நீலச் சட்டைக்கு நன்றி. ஆனால் இங்கை குளிர் இல்லை. அம்மாவுக்குக் கண் தெரியாது, அதாலை எனக்கு வர ஏலாது. இப்படிக்கு றெஜினா.*


ஸ்காபரோ
19.02.1995

மதிப்புக்குரிய அன்ரனெற் அக்காவுக்கு,

யேசுரட்ணம் எழுதுவது. மாமாவின் சுகத்துக்காக ஒவ்வொரு ஞாயிறும் மன்றாடுகிறோம். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

என்னோடு ஒரே வான் வண்டியில் ஒஷாவாவுக்கு வேலைக்கு வருகிறவர் அருள்நாயகம். அவருடைய தங்கை யாழ்ப்பாணத்தில் பதிவாளர் கந்தோரில் இருக்கிறா. போன கிழமை அவ எழுதிய கடிதத்தை வண்டியில் வைத்து வாசித்துக் காட்டினார். "குருநகர் ரீச்சர் ஒக்டோபர் மாதமே பிறப்புப் பத்திரம் எடுத்துக்கொண்டு போயிட்டா" என்று அதில் இருந்தது.

இதை நான் வேரோனிக்காவுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உங்களைக் குற்றம் சொல்லவும் வரவில்லை. என் பிள்ளை பிறந்து பத்து மாதத்தில் நான் வெளிக்கிட்டவன். அவள் நடந்ததை நான் காணவில்லை, நீங்கள் கண்டீர்கள். ஆனால் இவள் நத்தாருக்குப் பிறகு சரியில்லை. சாப்பிடுவதில்லை. பிள்ளையின் கடிதம் போன கிழமை வந்தது, அதன்பிறகு என்னோடும் கதையில்லை. ஜூன் முடிய முதல் பத்திரங்கள் கொடுக்காவிட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டுமாம்.

என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள். நீங்கள் எடுக்கும் முடிவுக்கு நான் கட்டுப்படுவேன்.

தங்கள்
சி. யேசுரட்ணம்


ஸ்காபரோ
05.03.1995

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்கவேண்டும். எனக்கு ஒன்றுமில்லை, மனம்தான்.

குசினியில் நடந்ததைக் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

கோப்பை துடைத்துக்கொண்டு நின்றபோது நான் சந்தோஷத்தில் சொன்னேன், அடுத்த நத்தாருக்கு என் மகள் இந்த மரத்தைப் பார்ப்பாள், விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் ஓடிவருவாள் என்று. ஹன்னலோர் தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்.

"ஓடிவரமாட்டாள் வேரோனிக்கா. நான் ஓடவில்லை" என்றார்.

ஐம்பது வருஷத்துக்கு முதல், மாரி காலம். அவர்கள் ஊரைச் சண்டை நெருங்கி, சனமெல்லாம் வெளிக்கிட்டது. அவருக்கு நாலு வயது. ரயில் நிலையத்தில் தாயின் கையில் பால்குடித் தம்பி. கூட்டத்தில் ஏற முடியாமல் தாய் இவரை யன்னலால் தூக்கி உள்ளே இருந்த யாரோ ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறார், "பிடித்துக்கொள், நான் மற்றக் கதவால் வருகிறேன்" என்று. ரயில் போய்விட்டது. அந்தப் பெண்ணின் பெயர் கிறேற்ற. கல்யாணம் செய்யாதவர். அகதி முகாமில் இருந்து, பிறகு ஒரு கிராமத்தில் உடுப்புத் துவைத்து, ஆறு வருஷம் இவரை வளர்த்தார். பத்து வயதில் செஞ்சிலுவைக்காரர் தேடிக் கண்டுபிடித்து, சொந்தத் தாய் வந்து நின்றாராம். இவர் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டார். கிறேற்றதான் கையைப் பிடித்து வெளியே எடுத்து, சீப்பால் தலை இழுத்து, அனுப்பிவைத்தார்.

"உங்கள் அம்மா கூடாதவரா?" என்று கேட்டேன்.

"நல்ல அம்மா. ஆனால் கிறேற்றவின் பெயரை அந்த வீட்டில் சொல்லக்கூடாது. அவள் எழுதிய கடிதங்கள் வந்தன. அம்மா வாசிக்காமலே அடுப்பில் போட்டா. கிறேற்ற செத்தது எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும்" என்றார். அழவில்லை. துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அக்கா, கேட்டுக்கொண்டு நின்றபோது, நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று நினைத்தேன். பிறகு பிள்ளையின் கடிதம் வந்தது. "அம்மா சட்டை தைச்சவ" என்ற இடத்தில் அந்த அம்மா நானில்லை என்று விளங்கியதும் கடிதத்தை இரண்டாகக் கிழித்துவிட்டேன். குப்பைக்குள் போட்டும் விட்டேன். பிறகு எடுத்து ரேப் போட்டு ஒட்டினேன். ஆனால் கிழித்தேன், அது உண்மை. எனக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

பத்திரம் தேடி அலையவேண்டாம். நீங்கள் வேண்டுமென்றுதான் அனுப்பவில்லை என்று எனக்கு நெடுநாளாகத் தெரியும். கோபமில்லை. அவள் உங்களோடு இருக்கட்டும். சண்டை நின்றுவிட்டது, இனி அங்கேயும் சீவிக்கலாம். நான் படமும் உடுப்பும் அனுப்புகிறேன். அவள் கனடா அம்மா என்றே கூப்பிடட்டும்.

இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

வேரோனிக்கா


குருநகர்
12.03.1995

அன்பின் தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து கனநாள். சுகமில்லையோ என்று யோசனை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பிறப்புப் பத்திரம் ஒக்டோபர் மாதமே எடுத்துவிட்டேன். உடுப்புப் பெட்டியில் ஐயாவின் வேட்டிக்குக் கீழே ஐந்து மாதமாகக் கிடந்தது. நவம்பரில் உனக்கு எழுதியது பொய். ஜனவரியில் எழுதியதும் பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமி, "இதை நீ தங்கச்சிக்குத்தான் சொல்லவேணும்" என்றார்.

அவள் உன் பிள்ளை என்பதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது, பங்கருக்குள் என் மடியில் கிடந்தபோது, பள்ளிக்கூடத்தில் "தாயின் பெயர்" என்று கேட்டு உன் பெயரை எழுதியபோது, எப்போதும் ஞாபகம் இருந்தது. இருந்தும் பெட்டியைத் திறக்கக் கை வரவில்லை.

ஊரை விட்டுப் போகப் பாஸ் எடுத்துவிட்டேன். இருபதாம் திகதி கிளாலியால் வள்ளத்தில் போய், கொழும்பில் பத்திரங்களைக் கொடுத்து மருத்துவமும் நேர்முகமும் முடித்து, பிள்ளையை மடத்துச் சிஸ்டரிடம் விடப்போகிறேன். ஐயாவைப் பக்கத்து வீட்டில் மூன்று கிழமை பார்ப்பார்கள். அதற்கு மேல் நான் நிற்க முடியாது. விசா வந்ததும் சிஸ்டர் ஏற்றிவிடுவா.

பிள்ளையிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். "நான் போனால் ஆர் உங்களுக்கு ஊசி கோர்க்கிறது?" கண்ணாடி வாங்கிப்போடுவேன் என்றேன். "அப்ப முதலே வாங்கியிருக்கலாமே" என்றாள்.

அக்கா


குருநகர்
14.04.1995, பெரிய வெள்ளி

அன்பின் தங்கச்சி,

ஆண்டவரின் பாடுகளின் நாளில் எழுதுகிறேன். ஐயா இருக்கிறார். நானும் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து திரும்பி வந்தபோது உன் கடிதம் மேசையில் கிடந்தது. நான் போய் இரண்டு கிழமையில் வந்ததாம். தவறவிட்டேன்.

இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பாதை இன்னும் திறந்துதான் இருக்கிறது. நாளைக்கே வெளிக்கிட்டால் புதன்கிழமை மடத்துக் கதவில் நிற்கலாம். "வைச்சிரு" என்று நீ உன் கையால் எழுதித் தந்திருக்கிறாய். பையில் இரண்டு சட்டையும் அடுக்கிவிட்டேன். ஐயா கட்டிலில் கிடந்தபடி பார்த்துவிட்டு, "எங்கை பிள்ளை போறாய்?" என்றார். "றெஜினாவைக் கூட்டிவர" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு நான் சட்டைகளை எடுத்து வெளியே வைத்தேன்.

மடத்தில் விட்டுவிட்டு வந்த அன்று அவள் அழவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்து, ஊசிகள் இருக்கிறதா என்று எண்ணினாள். அவ்வளவுதான். அந்தப் பிரிவை அவள் ஒருதரம் கடந்துவிட்டாள். நான் போய்க் கூட்டிவந்து, நாளைக்குத் திரும்பச் சண்டை வந்து, மூன்றாம் தரமும் அவளை யாரிடமாவது தூக்கிக் கொடுப்பதா? முடியாது.

அதனால் உன் கடிதத்தை நான் காணவில்லை என்று வைத்துக்கொள். பெற்றவள் வேண்டாம் என்று எழுதினாள் என்பதும், வளர்த்தவள் பெட்டிக்குள் ஒளித்தாள் என்பதும் அவளுக்கு ஒருநாளும் தெரியவேண்டாம். உன் கடிதத்தை விளக்கில் பிடித்து எரித்துவிட்டேன்.

நீ கிழித்தாய், ஒட்டினாய். அந்த மனுசியின் தாய் ஒட்டவில்லையே. பயப்படாதே.

அன்ரனெற்


ஸ்காபரோ
20.08.1995

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எங்கே, எப்படி? செய்திகளில் கேட்பதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. மே மாதத்துக்குப் பிறகு இது மூன்றாவது கடிதம். ஐயாவைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள்.

கொழும்புக்குக் கூட்டிப்போவதாக நீங்கள் எழுதிய கடிதம் எனக்கு ஏப்ரல் கடைசியில் கிடைத்தது. அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. அவளைத் திருப்பி அனுப்ப வழி இல்லாமல் போனது. உண்மையைச் சொன்னால் மனமும் இல்லாமல் போனது. மடத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். பிள்ளையிடம் கொடுத்தார்கள், மறுபக்கத்தில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. உங்கள் பெரிய வெள்ளிக் கடிதம் ஜூனில் வந்தது. நீங்கள் கேட்டபடியே செய்வேன்.

ஜூலை ஒன்பதாம் திகதி வந்து இறங்கினாள். விமானப் பணிப்பெண் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கழுத்தில் பெயர் எழுதிய அட்டை. இவர் முழங்காலில் நின்று கையை விரித்தார். அவள் ஓடிவரவில்லை. எனக்கு அது முதலே தெரிந்திருந்தபடியால் நான் நின்ற இடத்தில் நின்றேன். கிட்ட வந்து, "நீங்கள் வேரோனிக்காச் சித்தியா?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லைத் தவிர எனக்கு வேறு என்ன வரும்?

கட்டிலுக்குப் பக்கத்தில் உங்கள் படத்தை வைத்திருக்கிறேன். சோறு அரைவாசிதான் சாப்பிடுகிறாள். மிச்சத்தை மூடி வைக்கிறாள், யாருக்கோ எடுத்து வைப்பது போல. லிப்ற்றில் போகப் பயம், ஆறு மாடியும் படியால் ஏறுகிறாள். நானும் கூட ஏறுகிறேன். இவர் அப்பா என்று கூப்பிடச் சொல்லிக் கெஞ்சுகிறார். என்னிடம் அவள் கெட்டவளாக நடக்கவில்லை. பழக்கமில்லாத வீட்டில் விருந்தாளி நடப்பது போல நடக்கிறாள், ஒன்றும் கேட்கமாட்டாள், கோப்பையைக் கழுவி வைப்பாள்.

உங்களிடமிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் அவள் கையில் கொடுப்பேன். அனுப்புங்கள்.

வேரோனிக்கா


ஸ்காபரோ
26.12.1995

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்களைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று மன்றாடி எழுதுகிறேன். ஒக்டோபர் முப்பதாம் திகதி யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது என்று கேட்டோம். மழைக்குள் கைதடிப் பாலத்தில் சனம் நின்ற நிலையைச் சொல்கிறார்கள். எழும்ப முடியாத ஐயாவை நீங்கள் எப்படிக் கொண்டுபோனீர்கள்? கொண்டுபோனீர்களா? சாவகச்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் உங்களைக் கண்டதாக அருள்நாயகத்தின் தங்கை சொன்னாவாம். இல்லை, அது வேறு ரீச்சர் என்று பிறகு சொன்னா. செஞ்சிலுவைச் சங்கத்தில் பெயர் கொடுத்திருக்கிறோம். இந்தக் கடிதத்தை மூன்று பிரதி எழுதி, சாவகச்சேரிக்கும் பளைக்கும் கிளிநொச்சிக்கும் அனுப்புகிறேன்.

நத்தாருக்கு ஹன்னலோர் திரும்பவும் கூப்பிட்டார். வேர்னர் செப்ரெம்பரில் காலமாகிவிட்டார். நான் இப்போது அங்கே வேலையில்லை, இருந்தாலும் கூப்பிட்டார். போக மனமில்லாமல் போனோம். இந்த முறை மணி ஆட்டவில்லை, கதவும் பூட்டவில்லை. மரம் சின்னது. பாட ஆளில்லை.

றெஜினா மரத்தைப் பார்த்தாள். மெழுகுதிரிகளை எண்ணினாள். மேசையில் அவளுக்கு முன்னால் இனிப்புத் தட்டு. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"சாப்பிடு, உன் அம்மாவுக்கும் பிடிக்கும்" என்று ஹன்னலோர் ஆங்கிலத்தில் சொன்னார், என்னைக் காட்டி.

அவள் குனிந்தபடி தமிழில் சொன்னாள், "எனக்கு வேண்டாம். அம்மா சாப்பிட்டாவோ தெரியாது."

"பிள்ளை என்ன சொல்கிறாள்?" என்று ஹன்னலோர் கேட்டார்.

இவர் அவசரமாக, "நன்றி சொல்கிறாள்" என்றார்.

நான் இவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன், "இல்லை. அவளுடைய அம்மா ஊரிலே இருக்கிறா. சாப்பிட்டாவோ இல்லையோ தெரியாது. அதனால் தனக்கு வேண்டாமாம்."

ஹன்னலோர் எழும்பி வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். "உன் அம்மாவின் பெயர் என்ன?" என்று கேட்டார். அந்தளவு ஆங்கிலம் அவளுக்கு இப்போது விளங்கும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை அக்கா. ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அதுதான். நான் தலையாட்டினேன்.

"அன்ரனெற்" என்றாள்.

ஹன்னலோர் அதைத் தன் நாக்கில் திருப்பிச் சொன்னார். அவள் திருத்தினாள். இன்னொரு தரம் சொன்னார், அப்போதும் திருத்தினாள். பிறகு அழத் தொடங்கினாள். வந்த நாளிலிருந்து அழாத பிள்ளை. ஹன்னலோரின் மடியில் விழுந்து அழுதாள், என் மடியில் அல்ல. நான் மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தேன். இவர் எழும்பிப் போய் யன்னலடியில் நின்றார். நான் கிட்டப் போகவில்லை. போயிருக்கலாமோ என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அக்கா, நீங்கள் உயிரோடு இருந்தால் ஒரு சொல் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள். கீழே அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன். அவள் எழுதுவதை நான் பார்க்கமாட்டேன்.

உங்கள் தங்கை
வேரோனிக்கா

*அம்மா, நான் சுகம். தாத்தா சுகமா. சித்தி எனக்கு ஏசிறேல்லை. என்னோடை படியாலை ஏறி வாறவ. நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலை இருக்கிறியள் எண்டு எழுதுங்கோ. எனக்கு இப்ப பிளேனிலை வரத் தெரியும். நான் வந்து கூட்டிக்கொண்டு வருவன். றெஜினா.*